அறையைக் காலி பண்ணி வை

கர்த்தருக்குள் அன்பான மருமகள் சின்னுவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்னாலேயே சொன்னேன். உன் அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்று, மாடிப்படியில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன், இந்த வீடு ஒரு வருடத்துக்குள் அடையாளம் தெரியாமல் மாறிவிடும் என்று. கேட்டவர்கள் நூறு பேர் இருப்பார்கள். சரி, பத்துப் பன்னிரண்டு பேர். கீழ் வீட்டுக் கடிகாரக்காரர் சாட்சி. ஆறாம் வகுப்போடு நின்றவன்தானே என்று நினைக்காதே. நாற்பது வருடமாகச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவனுக்கு, எந்தச் சுவர் எப்போது விரிசல் விடும் என்று விரலால் தட்டிப் பார்த்தாலே தெரியும்.

நான் நலம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. நீ அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொள்கிறாயா? போன மாதம் ஒரு வங்கிக் கட்டடம் முழுவதையும் நான் ஒருவனே மூன்று நாளில் முடித்தேன். மேலாளர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இது சுவரா, கண்ணாடியா?" என்று கேட்டார். அவர் கண்ணில் தண்ணீர். பெயிண்ட் நெடியாகவும் இருக்கலாம்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தாலே நீ, "மாமா, கதை விடாதீங்க, வேலை இருக்கு" என்று வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது மேஜை மேல் கிடந்து உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். வரிசையாகப் படி. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டாதே.

அம்மாவின் போனிலிருந்து வாராவாரம் உனக்கு "நலம், ஜெபித்துக்கொள்" என்று செய்தி வருகிறதே, அதைத் தட்டுவது உன் அம்மா இல்லை. கடிகாரக்காரர் மனைவி. போனையே அவளிடம் கொடுத்துவிட்டாள் உன் அம்மா. "வாரம் ஒரு தடவை இதை மட்டும் அனுப்பிடு, பிள்ளை பயப்படக்கூடாது" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாளும் சொன்னதைச் செய்கிறாள், பாவம். போன ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போதுதான் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணாச்சி, இனிமே என்னால பொய் அனுப்ப முடியாது, நீங்களே அந்தப் பிள்ளைக்கு எழுதிடுங்க" என்றாள்.

எங்கே ஆரம்பித்தது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அதை என்னைப் போல் சொல்ல ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியில் அன்று உன் அம்மா மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போயிருந்தாள். உன் அப்பா அச்சகத்து இயந்திரங்களுக்கு நடுவே முப்பது வருடம் வாயைத் திறக்காமல் வேலை பார்த்த மனுஷன். அப்படிப்பட்டவர் திடீரென்று எழுந்து உட்கார்ந்தார். என் மணிக்கட்டைப் பிடித்தார். இரும்புப் பிடி. முகத்தில் ஒரு வெளிச்சம், ஜன்னலோ மறு பக்கம். "அறையைக் காலி பண்ணி வைக்கச் சொல்லு. அவர் தங்க வர்றார்" என்றார். சாய்ந்தார். முடிந்தது. உன் அம்மா ஓடி வந்தபோது ஐந்து நிமிடம் தாமதம். நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அழுதுகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். பார், ஒரு வார்த்தைக்கு எவ்வளவு பலம் என்று அன்றைக்கு எனக்கே பெருமையாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்துப் போதகர் பிரசங்கம் செய்தார். ஆண்டவர் கல்லால் கட்டிய வீட்டைத் தேடவில்லை, நம்மைத்தான் தேடுகிறார், நம் உடம்பே அவர் குடியிருக்கும் வீடு, அடுப்படியிலும் வேலை செய்யும் இடத்திலும் அவரைச் சுமந்துகொண்டு நடக்கிறோம் என்று. நல்ல பிரசங்கம். சாலொமோன் ஏழு வருடம் ஆலயம் கட்டினதையும் சொன்னார். அதற்குப் பூச்சு வேலை பார்த்தவன் பெயர் மட்டும் வேதத்தில் விட்டுப்போயிருக்கிறது, எழுதியவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். உன் அம்மா மட்டும் வீட்டுக்குப் போய் அலமாரியைத் திறந்தாள்.

முதலில் உன் அப்பாவின் சட்டைகள் போயின. அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். பிறகு கட்டில், பிறகு அலமாரி. பிறகு ஜன்னலோரம் இருந்த தையல் மிஷினைக் கடிகாரக்காரர் மனைவிக்குக் கொடுத்துவிட்டாள். பள்ளிக்கூடத்துச் சீருடை தைத்து உன்னைப் படிக்க வைத்தாளே, அந்த மிஷின். "தங்க வர்றவருக்கு இடம் வேணும்ல, அண்ணே" என்றாள். நானும், ஆமாம், பெரியவர் வருகிறார், இடம் விசாலமாக இருக்க வேண்டும் என்று தலையை ஆட்டினேன். ஆட்டினேன், சின்னு.

அது மட்டுமில்லை. அலமாரி நின்ற இடத்தில் சுவர் வெளுத்து, ஆள் உயரத்துக்கு ஒரு சதுரம் தெரிந்தது. கட்டில் தலைமாட்டில் இன்னொன்று. ஆட்கள் எழுந்து போன பிறகும் அவர்கள் நிழல் அங்கேயே நிற்கிற மாதிரி. "இதை அடிச்சுக் கொடுங்க அண்ணே, இத்தனை வருஷமா சொந்தத் தங்கச்சி வீட்டுக்கு ஒரு பிரஷ் வச்சதில்லை நீங்க" என்று குத்திக் காட்டினாள். உண்மைதான், இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளியே காலம் போய்விட்டது. உடனே வாளியைத் தூக்கினேன். பட்டி மாவு பூசி, தேய்த்து, மூன்று கை வெள்ளை அடித்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை பார்த்ததில்லை. அறையில் எது தரை, எது சுவர் என்று தெரியவில்லை. வேலை முடிந்து இருமினேன். மூலையில் இன்னொருத்தன் இருமினான். காலி அறை அப்படித்தான், குரலைத் திருப்பித் தரும், இது எனக்குத் தெரியாததா? ஆனாலும் திரும்பிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவள் அந்த அறையின் நடுவில், வெறும் தரையில், வாசலைப் பார்த்து உட்கார ஆரம்பித்தாள். கதவைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. தாழ்ப்பாளையே கழற்றிவிட்டாள். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், சின்னு. ஒரு நாள் மத்தியானம் நான் போனபோது கதவு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. அவள், "இப்பத்தான் படியில யாரோ ஏறினாங்க, நீங்கதானா?" என்றாள். நான் அப்போதுதான் கீழே கடிகாரக்காரரிடம் பேசிவிட்டு ஏறினேன். எனக்கு முன்னால் யாரும் ஏறவில்லை. இது ஆறு தடவை நடந்தது. சரி, ஒரு தடவை. ஒரு தடவை போதாதா?

போதகரை அழைத்துக்கொண்டு போனேன். உட்கார நாற்காலி இல்லை, மனுஷன் தரையில் உட்கார்ந்தார், கறுப்புக் கால்சட்டை முழுக்க வெள்ளைத் தூசி. "அம்மா, அவர் ஏற்கெனவே உள்ளேதான் இருக்கார். விருந்தாளி வந்ததுக்கு வீட்டுக்காரி எதுக்கு வெளியேறணும்?" என்று கேட்டார். கூட்டிப் பெருக்கிக் காலியாகக் கிடந்த வீட்டுக்குள், விரட்டப்பட்ட அசுத்த ஆவி ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்த கதையையும் சொன்னார். நான் இத்தனை நாள் எழுபது என்று நினைத்திருந்தேன். உன் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, நீங்க பொதுவாச் சொல்றீங்க. எனக்குத் தனியாச் சொல்லி அனுப்பியிருக்கு" என்றாள். போதகர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன், ஓரத்தில் பெயிண்ட் கொஞ்சம் வழிந்திருந்தது.

அவர் போன பிறகு நான் கொஞ்சம் கோபமாகவே, காலி பண்ணியது போதும், இனி இங்கே எடுக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவள் தன் நெஞ்சில் கையை வைத்தாள். "இந்த அறை ஒன்னு பாக்கி இருக்கே" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அன்றைக்குத்தான் அடுப்படியைப் பார்த்தேன். டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். ஒன்றில்கூட ஒன்றும் இல்லை. ஒரு வேளை ரொட்டித் துண்டு, அதுவும் கடிகாரக்காரர் மனைவி கெஞ்சினால். சர்க்கரை மாத்திரை எங்கே என்றேன். வெளியே இருந்து உள்ளே போவது எல்லாம் இடத்தை அடைக்கிறதாம். நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. நீ ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஜனங்களின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று நாள் முழுக்க அளக்கிறாய். உன் அம்மாவுக்கு அளக்க ஆள் இல்லை.

கட்டிலைக் கழற்றியபோது விழுந்த ஆணி ஒன்று தரையில் கிடந்திருக்கிறது. வெறுங்காலோடு நடக்கிறாள் அல்லவா, குத்தியிருக்கிறது. எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை, வலிக்கவில்லையாம். நேற்று அவள் கால் பெருவிரலில் ஒரு கறுப்பைப் பார்த்தேன். பெயிண்ட் என்று நினைத்து, துணியில் டர்பன்டைன் தொட்டுத் துடைத்தேன். போகவில்லை. வாடை வந்தது. என் டர்பன்டைன் வாடையையும் மீறி வந்தது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். "வீட்டுக்காரர் வர்ற நேரத்துல வீட்டை இழுத்துக்கிட்டு எங்க போறது, அண்ணே?" என்றாள். நாலு பேரைக் கூட்டி வந்து தூக்கிப் பார்த்தோம். எடையே இல்லை, ஆனால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட சத்தத்தில் நாலு பேரும் கையை விட்டுவிட்டார்கள். நான்தான் முதலில் விட்டேன்.

கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டேன். இதுவரை எழுதியதில் அங்கங்கே கொஞ்சம் கூட்டியிருப்பேன். வங்கி வேலையை மூன்று பேர் சேர்ந்து ஒன்பது நாளில் முடித்தோம். மேலாளரை நான் பார்க்கவே இல்லை. அதெல்லாம் போகட்டும். உன் அம்மாவின் காலும் மாத்திரையும் அப்படியே உண்மை, ஒரு எழுத்துக்கூடக் கூட்டவில்லை.

உன் அப்பா எழுந்து உட்காரவில்லை. என் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. வெளிச்சமும் இல்லை, திரை போட்டிருந்தது. கண்ணைத் திறந்து கதவுப் பக்கம் பார்த்தார். "அவ சாப்பிட்டாளா?" என்று கேட்டார். நான், "ம், சாப்பிட்டா" என்றேன். அதுவும் பொய். காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதைக் கேட்டுக் கண்ணை மூடினார். அவ்வளவுதான்.

அவள் படியேறி ஓடி வந்து, என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று நாலு தடவை கேட்டாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம் இவ்வளவு சின்ன வார்த்தையை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று எனக்குத் தோன்றியது. சாப்பிட்டாயா என்று தெருவில் போகிறவன்கூடக் கேட்பானே. கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் என்று வாயைத் திறந்தேன். நாற்பது வருடமாக ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாளியை இறக்கி வைத்ததும் நான் முதலில் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். அறையைக் காலி பண்ணி வைங்க. அதுதான் வந்தது. மீதியை நான் கோத்தேன்.

வியாழக்கிழமை அவள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன்கூட. என் தலையைத் தடவினாள். "நான் போயிடுவேன்னு பயந்துபோய் இப்பப் புளுகுறீங்க. ஆயுசுக்கும் நீங்க சொன்னதை எல்லாம் சல்லடையில சலிச்சிருக்கேன் அண்ணே, அது ஒன்னை மட்டும்தான் சலிக்கவே இல்ல" என்றாள்.

உன் விடுமுறைக்கு நான்கு மாதம் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அவ்வளவு நாள் இல்லை, சின்னு. இது நான் கூட்டிச் சொல்வது இல்லை. நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். உன்னைச் சலிக்க அவளிடம் சல்லடை இல்லை. கிடைக்கிற வண்டியில் ஏறு. வந்து பிரசங்கம் செய்யாதே, அழாதே. கையில் ஏதாவது சூடாக எடுத்துக்கொண்டு அந்த வெள்ளை அறைக்குள் போய், அவள் பக்கத்தில் தரையில் உட்கார். உன் அப்பா கேட்டதை, அவர் கேட்ட மாதிரியே, நீ கேள்.

நீ வரும்வரை நான் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். தாழ்ப்பாளை மறுபடி மாட்டச் சாமான் வாங்கி வைத்திருக்கிறேன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. என்னை அவர் பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
அவள் சாப்பிட்டாள் என்று சொன்ன
உன் தாய்மாமன்