எண்ணெய்க்குக் காவல்

குருநகர்
04.02.2025

தங்கச்சி றொசாந்திக்கு,

இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு என் கையெழுத்தைக் கண்டு பயந்துவிடாதே. உன்னை மன்னித்துவிட்டேன் என்றும் நினைத்துவிடாதே. போனில் கதைத்தால் என் வாய் பழையதைத்தான் கிளறும், அதனால் எழுதுகிறேன்.

என் மகள் நிரோஜினிக்குப் போன மாதம் ஆண் பிள்ளை பிறந்தது. அடுத்த நாளே வீட்டுக்கு வந்தார்கள். ஐந்தாம் நாள் வயிறு ஊதி, பச்சையாகச் சத்தி எடுத்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். குடலின் கடைசித் துண்டில் நரம்பே இல்லையாம், அதனால்தான் மலம் இறங்கவில்லையாம். வெட்டி, மலம் போக வயிற்றில் பை வைத்திருக்கிறார்கள். கிருமி ஏறிவிட்டது. காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை.

"பரம்பரையிலை ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?" என்று டொக்ரர் கேட்டார்.

"இல்லை. என்ரை மூத்தவன் ஜெரிசன் நாலாம் நாள் செத்தவன். அது வெளிக்குப் போகட்டுமெண்டு தங்கச்சி பருக்கின ஆமணக்கெண்ணெயாலை" என்றேன்.

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அம்மா, ஒரு துளி எண்ணெயாலை பிள்ளை சாகாது. அந்த நாலு நாளும் என்ன நடந்தது?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் பிரசவக் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தேன். மடியில் வைத்திருந்தவள் நீதான். உள்ளதை எழுது.

உன் அக்கா,
மரியநாயகி


சாவகச்சேரி
07.02.2025

என் அன்பு அக்காவுக்கு,

கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சின்னவனுக்காகச் செபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜெரிசன் பிறந்து இரண்டு நாளாகியும் அந்தக் கறுப்பு மலம் போகவில்லை. மூன்றாம் நாள் வயிறு மேளம் போலானது. உங்களிடமிருந்து பிழிந்து பருக்கின பால் பச்சையாகத் திரும்பியது. கடைசியில் அழுதாலும் சத்தம் வரவில்லை. இதை அப்படியே டொக்ரரிடம் சொல்லுங்கள். எங்களுக்கு முன்னே ஒரு அண்ணை பிறந்து இப்படியே போனவர் என்று அம்மா கடைசிக் காலத்தில் என்னிடம் சொன்னா. அதையும் சொல்லுங்கள்.

எண்ணெய் நான் பருக்கவில்லை அக்கா.

பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்ததும் உங்கள் மாமி முற்றத்தில் நின்று, "உவளின்ரை பாலிலைதான் விசம். தாய் வீட்டுக்கு அனுப்பிவிடு" என்று அத்தானிடம் சொன்னா. உங்களுக்கோ காய்ச்சலில் நினைவே இல்லை. "பாலாலை இல்லை மாமி, நான்தான் எண்ணெய் பருக்கினனான்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பிறகு உண்மையைச் சொன்னால் பழி திரும்ப உங்களிடம் வரும் என்று பயந்தேன். பிள்ளையைக் கொன்றவள் என்று ஒருவரும் என்னைப் பெண் கேட்டு வரவில்லை. அதைப் பொறுத்தேன். நீங்கள் முகம் திருப்பியதைத்தான் பொறுக்க முடியவில்லை.

உங்கள் தங்கச்சி,
றொசாந்தி


குருநகர்
19.02.2025

என் தங்கச்சி,

சின்னவன் வெள்ளிக்கிழமை போய்விட்டான். சேமக்காலையில் ஜெரிசனுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம்.

உன் கடிதத்தை டொக்ரரிடம் காட்டினேன். இந்தக் குறை எங்கள் இரத்தத்தோடு வருகிறதாம். எனக்கும் உனக்கும் ஒன்றும் செய்யாமல் உள்ளே இருந்துவிட்டு, ஆண் பிள்ளைகளில்தான் கூடுதலாகத் தலைகாட்டுமாம். நீயும் வந்து பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தால் நிரோவுக்கு இனிப் பிறக்கிற பிள்ளைக்கு உதவும் என்றார். வந்து கொடு.

இன்னொன்றையும் கேள். பிள்ளை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அறை வாசலில் கதிரை போட்டு இருந்தேன். ஒருத்தியும் எண்ணெய்ப் போத்தலோடு உள்ளே போய்விடக் கூடாது என்றுதான். "அம்மா, இவன் இன்னும் வெளிக்குப் போகேல்லை" என்று நிரோ இரண்டு தரம் சொன்னாள். "அதுக்கு எண்ணெய் குடுக்கச் சொல்லுறியோ?" என்று சீறினேன். வந்து போகிறவர்களின் கைகளையே பார்த்தேன், பிள்ளையின் வயிற்றைப் பார்க்கவில்லை. "இரண்டு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தால்" என்று டொக்ரர் தொடங்கினார், முடிக்கவில்லை.

உன் பொய்யை நினைத்தால் உன்னில் கோபமும் வருகிறது, உன் காலில் விழவும் வேண்டும் போலிருக்கிறது.

செத்த வீட்டில் நிரோவின் மாமி, "தாய்ப்பாலிலை ஏதோ..." என்று தொடங்கினா. "நான்தான் ஆஸ்பத்திரிக்குப் பிந்திக் கொண்டுபோனனான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். உன்னைப் போலப் பொய் சொல்ல எனக்குத் தேவை வரவில்லை. அன்றிலிருந்து நிரோ என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டை வைத்தால் எடுக்கிறாள், முகத்தைப் பார்க்கிறாள் இல்லை.

இருபத்தேழு வருடம் நீ இப்படிப் பழியோடு இருந்திருக்கிறாய். காலையில் எழும்பினதும் முதலில் என்ன செய்வாய்? எழுது.

அக்கா