தேவசகாயத்தின் வாக்குத்தத்தச் சீட்டு

ஜனவரி 19, திங்கள்

காலையில் கடும் பனி. பத்து மணிவரை துணி காயவில்லை. கோயில் மணிக்கயிறு நைந்துவிட்டது, மாற்றணும்.

எஸ்தர் வந்து ஒரே அழுகை. கணவர் தேவசகாயத்துக்குச் சர்க்கரை, வலது காலில் புண். இரண்டு விரல் கறுத்தாயிற்று. தஞ்சாவூர் டாக்டர் உடனே எடுக்கச் சொல்லியும் மாட்டேன் என்கிறாராம்.

"புது வருஷத்துல ஆண்டவர் வாக்குக் குடுத்துட்டாருங்கறாரு உபதேசியாரே. சீட்டைக் காலண்டர்ல குத்தி வெச்சிருக்காரு."

புதுவருஷ ஆராதனையில் குடும்பத்துக்கு ஒருவர் கண்ணை மூடித் தட்டிலிருந்து வசனச் சீட்டு எடுப்பார். வருவதுதான் அந்த வருஷத்துக்கு ஆண்டவரின் வாக்கு. சபையின் உபதேசியார் என்ற முறையில் தட்டைப் பிடித்தவன் நான். தேவசகாயம் கட்டுப்போட்ட காலோடு நொண்டிக்கொண்டு வந்தார். காலைக் காப்பார் என்றிருந்த சீட்டை அவர் விரலுக்கு நேராக நகர்த்தினேன். பாவமாக இருந்தது, அவ்வளவுதான்.

20, செவ்வாய்

தேவசகாயம் வீட்டுக்குப் போனேன். அவர் வயலில் அறுப்பு மிஷின். நெல் ஈரம், கொள்முதல் நிலையம், வைக்கோல்... ஒரு மணி நேரப் பேச்சு. டீ இரண்டு. புண் நாற்றம்.

"ஆண்டவரு வாக்கு மாறாதவரு, இல்லீங்களா?"

"ஆமாங்க" என்றேன். சொல்லப் போனதைச் சொல்லாமலே திரும்பினேன். கோழைப் பயல் நான்.

22, வியாழன்

ஞாயிறு பிரசங்கப் பாடம்: ராஜாவின் முகத்துக்கு நேரே கசப்பான செய்தி சொல்லப் போன தீர்க்கதரிசி. நல்ல பொருத்தம் போங்கள்! மூன்று வரி எழுதி அடித்தேன்.

ரூபியிடம் எல்லாம் சொன்னேன். என் மனைவி வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "ஆண்டவர் உண்மையுள்ளவருன்னு வாராவாரம் கத்துறீங்க. அப்புறம் எதுக்கு அவருக்கு நீங்க ஒத்தாசை பண்ணப் போனீங்க?"

பயங்கள்:
1. உபதேசியார் வேலை போவது
2. ஊரே சீட்டைக் கொண்டுவந்து முகத்தில் எறிவது
3. தேவசகாயத்தின் விசுவாசம் போவது
4. அவர் செத்துப்போவது. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

23, வெள்ளி

தேவசகாயத்திடம் சொல்லிவிட்டேன்.

"சீட்டை நாந்தாங்க நகர்த்துனேன். தானா வரல. ஆஸ்பத்திரிக்குப் போங்க."

காலண்டரைப் பார்த்தார். பிறகு, "அப்ப ஆண்டவரு எனக்கு ஒண்ணுமே சொல்லலியா?"

"தெரியாதுங்க. உங்களைக் கைவிடமாட்டாருன்னு நம்புறேன். காலைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது."

காலண்டரிலிருந்து சீட்டைப் பிடுங்கி என் கையில் திணித்தார். "வெளிய போங்க." வந்துவிட்டேன். வெட்கம். கொஞ்சம் பாரம் இறங்கியதும் உண்மை.

25, ஞாயிறு

சபையிலும் சொன்னேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "அப்ப எங்க சீட்டெல்லாம்?" போதகருக்குப் புகார் போகும், போகட்டும். தேவசகாயம் குடும்பம் வரவில்லை. கயிறு மாற்றியாயிற்று.

27, செவ்வாய்

தஞ்சாவூர். நேற்று தேவசகாயத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். விரலோடு நிற்காதாம், பாதி பாதம் போகுமாம். "நான் சொன்னப்பவே வந்திருந்தா ரெண்டு விரல்தான்" என்றார் டாக்டர். எஸ்தர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் கைகாட்டி நிறுத்தச் சொன்னார்.

"ஜெபம் பண்ணுங்க உபதேசியாரே. வாக்கு மட்டும் குடுக்காதீங்க."

"ஆண்டவரே, இவரோடு இரும்." அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆமென் அவர்தான் சொன்னார்.