கனவில் பிழை திருத்தியவள்

ஜூன் 8, திங்கள்

பன்னிரண்டாம் அத்தியாயம் முடிந்தது. கணவனை இழந்த விண்கலப் பொறியாளர் ஒருத்தி கனவு இயந்திரத்துக்குள் போய் அவனைச் சந்திக்கிறாள். யாரை நினைத்து எழுதினேன் என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டுமா? அவர் போய் ஒரு வருடமாகப் போகிறது. ஒருநாள்கூட என் கனவில் வரவில்லை. சரி, கதையிலாவது வரட்டும்.

ஜூன் 10, புதன்

நாத்தனாரிடம் படிக்கக் கொடுத்தேன். கணினி விளையாட்டுகளை வெளியிடும் முன் ஆடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்திருக்கிறாள். மாடியில் நிற்கும் கணவன் அடுத்த வரியில் அடுப்படியில் நிற்கிறானே, படி இறங்கியது எப்போது? மழையில் வருகிறான், சட்டை ஏன் நனையவில்லை? இதையெல்லாம் கோட்டைவிட்டால் அலுவலகத்தில் அவளுக்குச் சீட்டுக் கிழிந்துவிடுமாம். நியாயமாகத்தான் பட்டது. உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்திப் பதிப்பாசிரியருக்கு அனுப்பினேன்.

ஜூன் 17, புதன்

பதிப்பாசிரியர் கூப்பிட்டார். "இது விளையாட்டும்மா. கனவு எங்க?"

மூக்குடைந்தது. கோபம் ஆறிய பிறகு படித்துப் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருக்கிறது.

அறிவியல் கதையில் விளையாட்டு, கனவு இரண்டுமே பொய் உலகம்தான். ஆனால் விளையாட்டுக்குள் போகிறவளுக்கு உள்ளே இருக்கிறோம் என்று தெரியும். விதிகளைக் கற்றுக்கொண்டால் ஜெயிக்கலாம். கனவில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? யாரையும் வரவழைக்க முடியாது. செத்தவன் அடுப்படியில் நிற்பது ஆச்சரியமே இல்லை, உப்பு எங்கே என்று அவனிடம் கேட்பாள். விழித்த பிறகுதான் நெஞ்சை அடைக்கும்.

ஜூன் 18, வியாழன்

திருத்தியதையெல்லாம் பழையபடி கலைத்தேன். நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கட்டையாய்த் தூங்குகிற உனக்குக் கனவைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். சாப்பிடாமலே போய்விட்டாள். என் வாய் இருக்கிறதே—

ஜூன் 19, வெள்ளி

போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

காலையில் நாத்தனார் வந்தாள். தலைகூட வாரவில்லை.

"அண்ணன் வந்தான் அண்ணி. பல் தேச்சுக்கிட்டே என்னவோ திட்டுனான். நான் பாட்டுக்குத் துணி மடிச்சுக்கிட்டு இருந்துட்டேன். செத்துப்போனவன்னு தோணவே இல்ல."

அவர் சாவுக்குக்கூட அழாதவள், என் மடியில் விழுந்து அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். உள்ளே வயிறு எரிந்தது. எனக்கு வராத மனுஷர் இவளுக்கு வந்திருக்கிறார்! என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்றேன்.

"இல்ல அண்ணி."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அந்தச் சாமர்த்தியம் இவளுக்கு ஏது? அழுது அழுது அப்படியே தூங்கிவிட்டாள்.

பட்டப்பகல்தான். திரையை இழுத்துவிட்டு நானும் பக்கத்தில் படுக்கப் போகிறேன்.