உங்களச் சொல்லலைங்க

என் இவளுக்கு,

இன்றிலிருந்து உள்ளே யாரையும் விடமாட்டார்களாம். அதனால் நர்ஸம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுச் சிரிக்காதே, தையல் பிரிந்துவிடும்.

நேற்று மயக்கம் தெளிகிற நேரத்தில் கண்ணைத் திறக்காமலே, "நீ பக்கத்துல இருக்கே, எனக்கென்ன பயம்?" என்றாய். கல்யாணமான நாளிலிருந்து "நீங்க" என்றே கூப்பிட்டவள் முதல்முறையாக "நீ" என்கிறாளே என்று எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. "இங்கதாம்மா இருக்கேன்" என்று கையைப் பிடித்தேன். நீ விழித்துப் பார்த்து, "உங்களச் சொல்லலைங்க, சாமிகிட்ட பேசிட்டிருந்தேன்" என்றாய்.

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. பஸ் ஓட்டிவிட்டு வந்த அழுக்குச் சட்டையோடு உன் கட்டிலடியிலேயே கிடப்பவன் நான். வலியைக்கூட என்னிடம் மறைத்துவிட்டு எல்லாவற்றையும் அவரிடம் கொட்டுகிறாய். இந்தக் கட்டியைக் கொடுத்தவரே அவர்தானே!

நேராகக் கீழே இருக்கிற பிரார்த்தனை அறைக்குப் போனேன். நம் மகளைப் பறிகொடுத்த பிறகு நான் சாமி இருக்கிற பக்கமே தலைவைத்துப் படுக்காதது உனக்குத் தெரியும். "என்கிட்ட சொல்லாதத உன்கிட்ட என்ன சொன்னா? மரியாதையா சொல்லு!" என்று சத்தம் போட்டேன். பக்கத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்த பெரியவர் பயந்து எழுந்துபோனார். கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கடைசியில், "அவள விட்டுடு, எனக்கு வேற யாருமில்ல" என்று வாயில் வந்தது.

பரிசோதனை முடிவு நாளைதான் வருமாம். எப்படி வந்தாலும் எங்கள் சண்டை முடியவில்லை. காலையில் பஸ் எடுக்குமுன் மறுபடி போகிறேன். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இனிமேல் என்னிடம் சொல்லியனுப்பு.

உன் வீட்டுக்காரன்