டி டிரைவில் இருந்த கல்யாணம்

இன்று காலை அடையாறில் ஒரு பல் மருத்துவரின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் கம்ப்யூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டாள். மூன்று முறையும் கறுப்புத் திரை, இடது மூலையில் வெள்ளை எழுத்தில் இரண்டு வரி. நான் இருந்த இடத்திலிருந்து அவற்றைப் படிக்க முடியவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. பல்வலி போன இடம் தெரியவில்லை. நம் தி. நகர் ஸ்டூடியோவும், நீயும், அந்த வியாழக்கிழமையும் கண்முன் வந்து நின்றன.

நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருஷம் நாம் இருவரும் அந்த மாடி அறையில் கல்யாண வீடியோ வேலை பார்த்தோம். நீ கேமராவோடு மண்டபம் மண்டபமாக அலைவாய். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவேன். ஒவ்வொரு முகூர்த்த சீசனிலும் நீ சொல்வது ஒன்றுதான்: "ரெண்டு எடத்துல இல்லாதது எங்கயும் இல்ல மச்சி." நான் தலையாட்டுவேன். அந்த வருஷம் காப்பி எடுத்து வைக்கிற டிஸ்க் ஆவணி மாதமே நிரம்பிவிட்டிருந்தது. புதிது வாங்க வேண்டும் என்று நானும் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன்.

அப்போது நாம் கல்யாண வீடியோ எடுத்த ஒரு பெண்ணை உனக்கு நினைவிருக்கும். மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம். கல்யாணமாகி நாற்பதாவது நாள் அவளுடைய அப்பா மாரடைப்பில் போய்விட்டார். புதன்கிழமை போன் செய்தாள்.

"அண்ணா, ஆல்பம்லாம் மெதுவா வரட்டும். அப்பா பேசறது, நடக்கறது எல்லாம் வீடியோல இருக்கோல்லியோ? அத மட்டும் முதல்ல குடுங்கோ. ஆத்துல அம்மா அதையேதான் கேட்டுண்டிருக்கா."

சனிக்கிழமை வரச் சொன்னேன். மெஷின் அப்போது நத்தையாக ஊர்ந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை நீ வேளச்சேரியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தாய். நீ வருவதற்குள் விண்டோஸைப் புதிதாகப் போட்டு வேகமாக்கிவிடலாம் என்று பென் டிரைவைச் செருகினேன். திரையில் டிஸ்கின் பகுதிகள் வெறும் எண்களாக வரிசையில் வந்தன. எதற்கும் பெயர் இல்லை. இரண்டு பகுதிகள் ஏறக்குறைய ஒரே அளவு. சின்னதாக இருந்த ஒன்று வேண்டாததென்று எண்ணி அழித்தேன். மெஷின் எழுந்து வர அதுதான் ஆதாரம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. பிறகு பழைய விண்டோஸ் இருப்பது இதுதான் என்று பெரியவற்றில் ஒன்றைத் தேர்ந்து ஃபார்மட்டை அழுத்தினேன். மூன்று வினாடிகூட ஆகவில்லை. முழுக்கக் காலி என்று காட்டியது. அதன் அளவை நிதானமாகப் பார்த்தபோதுதான் புரிந்தது. அது டி டிரைவ். ஒன்பது கல்யாணங்கள் அதில் இருந்தன. மெமரி கார்டுகளை நாம் ஏற்கெனவே அடுத்த மண்டபங்களுக்குப் பயன்படுத்தியாகிவிட்டது.

நீ வந்தபோது திரை கறுப்பாக இருந்தது. என் முகத்தைப் பார்த்துத் தோள்பையைக்கூட இறக்காமல் கேட்டாய்.

"இன்னா ஆச்சு?"

சொன்னேன். நீ கத்துவாய் என்று நினைத்தேன். குனிந்து பிளக்கைப் பிடுங்கினாய்.

"கைய எடு. இனிமே இதுல ஒரு எழுத்து விழக்கூடாது. ஃபார்மட்டுன்னா பொருளடக்கத்தக் கிழிச்சிட்டேன்னு அர்த்தம். பக்கம்லாம் உள்ளதான் கீது. மேல எதுனா எழுதினாத்தான் போச்சு." பிறகு என்னை நேராகப் பார்த்தாய். "அதுக்கப்புறம் வேற எதுனா பண்ணியா?"

"இல்ல" என்றேன்.

அடுத்து நீ செய்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. போனை என் கையில் கொடுத்து, "அந்தப் பொண்ணுக்குச் சொல்லு" என்றாய்.

"இருடா, எடுத்துப் பாத்துட்டுச் சொல்லலாம். ஒருவேளை எல்லாமே கெடச்சுடும்."

"கெடக்கலன்னா? சனிக்கிழம மாடி ஏறி வந்து நிக்கும்போது சொல்லுவியா? பாவம்டா. இப்பவே சொல்லு."

கார்டு கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நீ நகராமல் பக்கத்திலேயே நின்றாய். சொன்னேன். மறுமுனையில் அவள் முழுவதும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அம்மாட்ட நான் இன்னும் சொல்லல. பாருங்கோ அண்ணா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

நீ ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு பெரிய டிஸ்க் வாங்கி வந்தாய். பழையதைக் கழற்றி உன் லேப்டாப்பில் மாட்டி, அதில் இருந்ததையெல்லாம் ஒரு துளி விடாமல் புதியதில் நகல் எடுத்தாய். நகலில்தான் தேடினோம், அசலை நீ ஒரு துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினாய். தேடும் புரோகிராம் மறுநாளும் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அறுபத்தொரு சதவீதத்தில் நின்று அசையவே இல்லை. நீ தொழுகைக்குக் கிளம்பினாய்.

"ஜும்மா முடிச்சிட்டு வந்துடறேன். நிக்குதேன்னு நெனச்சு எதையும் தட்டாத. அது தேடிக்கினுதான் கீது."

நீ திரும்பும் வரை இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருமுறை கரண்ட் போய், புது டிஸ்குக்கு மின்சாரம் தந்த யூபிஎஸ் கூவியது. பத்து நிமிடம்தான் தாங்கும் என்று தெரியும். அந்தக் கூவலை எண்ணிக்கொண்டே இருந்தேன். ஏழாவது நிமிடம் மின்விசிறி சுழன்றபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அறுபத்திரண்டு.

கோப்புகள் வந்தன. ஆனால் பெயர் இல்லாமல், வெறும் எண்களாக, ஒன்பது கல்யாணமும் ஒன்றாகக் கலந்து வந்தன. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து அந்த அப்பாவைத் தேடினோம். சந்தனக் கலர் சட்டை, வழுக்கைத் தலை, இடது கையில் கடிகாரம். போட்டோக்கள் பெரும்பாலும் கிடைத்தன. வீடியோக்களில் பாதி திறக்கவில்லை. அவர் மகளைத் தாரைவார்த்துக் கொடுக்கும் வீடியோ திறந்தது. அவர் மகளின் கையைப் பிடிக்கும் இடத்தில் திரை முழுக்கப் பச்சைக் கட்டங்கள். அதற்கு மேல் எதுவும் இல்லை.

சனிக்கிழமை அவள் வந்தாள். அம்மாவையும் அழைத்து வந்திருந்தாள். நாம் போட்டுக் காட்டியவற்றில் ஒன்று, நீ கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிட்டு அணைக்க மறந்துபோனது. சாப்பாட்டுக் கூடத்து வாசல். அந்த அப்பா யாரையோ அதட்டுகிறார்: "டிகாஷன் இன்னும் எறங்கலையா? மாப்பிள்ளை ஆத்துக்காரா காத்துண்டிருக்கா பாருங்கோ!" பிறகு கேமராவைப் பார்த்துவிடுகிறார். கிட்டே வந்து, "இது ஓடிண்டிருக்கா என்ன?" என்று கேட்டு, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு சிரிக்கிறார்.

அந்த அம்மாள் அதை நான்கு முறை போடச் சொன்னார். நான்காவது முறை அவரும் கூடவே சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. "தாரைவார்க்கறது மட்டும் ஏன் இல்ல?" என்று கேட்டாள்.

"எங்க தப்பும்மா" என்றாய் நீ.

அது நம் தப்பு இல்லை. இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். ஃபார்மட் ஆன பிறகு இருபத்தைந்து நிமிடம் நான் சும்மா இருக்கவில்லை. மெஷின் எழுந்தால் போதும், நீ வருவதற்குள் மறைத்துவிடலாம் என்று, காலியாகக் கிடந்த அதே டி டிரைவில் விண்டோஸை ஏற்ற ஆரம்பித்தேன். பாதியில்தான் பயந்து நிறுத்தினேன். அந்தப் பச்சைக் கட்டங்கள், அந்த வீடியோவின் மேலேயே நான் எழுதிய இடம்.

உனக்கும் அது தெரியும். வெள்ளிக்கிழமை மாலை உன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். தேடிக் கிடைத்த பட்டியலில், முந்தைய நாள் காலையின் நேரத்தோடு, பாதியில் நின்ற ஒரு விண்டோஸ் ஃபோல்டர். உன் விரல் அதன்மேல் ஒரு கணம் நின்றது. பிறகு அந்த ஜன்னலை மூடினாய். "டீ சொல்லு மச்சி" என்றாய். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பின் ஆறு வருஷம் சேர்ந்து வேலை பார்த்தோம். சண்டை போட்ட நாட்களில்கூட நீ அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே இரண்டு முறை வாயைத் திறந்தேன். ஒருமுறை நர்ஸ் வந்துவிட்டாள். இன்னொரு முறை நீயே புது லென்ஸ் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாய். வேண்டுமென்றேதான் பேசினாயோ என்று இப்போது தோன்றுகிறது.

போன மாதம் ஒரு வளைகாப்பில் என் கவனக்குறைவால் ஒரு மணி நேரம் சத்தமே பதிவாகவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்ததும், சரிசெய்ய முயல்வதற்கு முன்பே அந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் வைத்துவிடவில்லை. எடுத்தார். "சார், என் தப்பு" என்று தொடங்கினேன்.