அப்பா சலித்த மண்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் நலம், எங்கள் சண்டையும் வழக்கம்போல் நலம். நீயும் மாப்பிள்ளையும் நம் வாண்டும் எப்படி இருக்கிறீர்கள்? வாண்டு இன்னும் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில்தான் வைக்கிறானா? போன வாரம் அவன் செருப்பைக் கடித்த கதையைப் போனில் சொல்லி நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். இப்போது அதை நினைத்தால் சிரிக்க முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், பதறாமல் படி.

நீங்கள் லீவுக்கு வருகிறீர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து உன் அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பேரன் விளையாட வீட்டுக்குப் பின்னால் பலகை அடித்து ஒரு மண் தொட்டி செய்தார். மண்ணை விலைக்கு வாங்கிப் போடலாமே என்றேன், நம்ம வீட்டு மண்ணு இருக்கும்போது ஊரான் மண்ணு எதுக்கு என்று ஒரே பிடிவாதம். தோட்டத்து மண்ணை வெட்டி, என்னைக் கேட்காமல் என் மாவுச் சல்லடையைத் தூக்கிக்கொண்டு போய், உட்கார்ந்து சலி சலி என்று சலித்தார். மண் பவுடர் மாதிரி ஆகிவிட்டது, என் சல்லடை போனது போனதுதான். அந்த நேரம் பார்த்து, மூடிக் கிடக்கிற ஈய உருக்காலையைச் சுற்றியுள்ள வீடுகளில் மண் எடுக்கப் பரிசோதனைக்கூடத்துப் பெண் ஒருத்தி வந்தாள். நம் தொட்டியில் ஒரு கரண்டி, பக்கத்து வீட்டு மீசைக்காரர் முற்றத்தில் ஒரு கரண்டி. முடிவு வந்து பார்த்தால் மீசைக்காரர் மண்ணில் ஈயம் நம்மைவிட இரண்டு மடங்கு. உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, மீசைக்காரருக்கு ஆறுதல் வேறு சொல்லிவிட்டு வந்தார்.

ஆனால் அந்தப் பெண் இன்னொரு சோதனை பாக்கி என்றாள். மண்ணில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பது ஒன்று, விழுங்கினால் அதில் எவ்வளவு உடம்பில் சேரும் என்பது வேறாம். அதற்காக வயிற்றில் சுரப்பது மாதிரி அமிலத்தை ஒரு பாட்டிலில் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்து, மண்ணைப் போட்டுக் குலுக்கி, எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பார்களாம். உப்பு இல்லை உறைப்பு இல்லை என்று குறை சொல்லாத வயிறு, எனக்கு அப்படி ஒன்று வாய்த்திருக்கக் கூடாதா என்றேன். அவள் சிரித்துவிட்டாள், உன் அப்பா முறைத்தார். முடிவு வந்தபோது எனக்கும் சிரிப்பு வரவில்லை. மீசைக்காரர் முற்றத்தில் கொட்டியிருப்பது உலைக் கசடு, கண்ணாடி மாதிரி கெட்டி, அதிலுள்ள ஈயம் லேசில் வெளியே வராது. நம்முடையது புகைபோக்கியிலிருந்து வந்து படிந்த பொடி, அதிலுள்ள ஈயத்தில் பெரும்பகுதி பாட்டிலில் கரைந்துவிட்டது. உன் அப்பா கல்லையெல்லாம் கழித்துவிட்டு, கையில் ஒட்டுகிற அந்தப் பொடியாகப் பார்த்துச் சேர்த்து வைத்திருக்கிறார். நான் காலம்பூரா அந்த ஆலையில உலை முன்னாடியே நின்னு வேலை பார்த்தவன், எனக்கு என்ன ஆச்சு என்று அவளிடம் எகிறினார். சின்னக் குழந்தைங்க உடம்பு நம்மளவிட பல மடங்கு இழுத்துக்கும் ஐயா, வெறும் வயிறா இருந்தா இன்னும் மோசம், மூளை வளர்ற வயசு வேற என்றாள். அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து இவர் வாயை மூட வைக்கப் பார்க்கிறேன், ஆனால் இப்படி மூட வேண்டும் என்று நினைக்கவில்லை.

அதனால் இந்த லீவுக்கு வராதே. மேல்மண்ணை அள்ளிவிட்டு வேறு மண் கொட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அது முடிந்ததும் வா. வாண்டைத் தூக்க என் கை பரபரக்கிறது, இதை எழுத மனசே வரவில்லை, அவரோ நீயே எழுதிடு என்று நழுவிவிட்டார். அங்கேயும் அவன் கையைச் சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டுக் கழுவு, வெளிச் செருப்பை வாசலோடு நிறுத்து, வெறும் வயிற்றோடு மண்ணில் விடாதே.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, போன் செய்யும்போது அப்பாவைக் கேலி செய்யாதே, அந்த வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். எதற்கய்யா அவ்வளவு நைசாகச் சலித்தீர் என்று நேற்று கேட்டேன். பிள்ளை கையில கல்லு குத்திடக் கூடாதுல்ல என்றார்.

உன்னைப் பெற்றவள்,
அம்மா