பனி பட்டால் இனிக்கும் கீரை

ஆரணி
2.9.2002

காவ்யா அப்பாவுக்கு, காவ்யா அம்மா எழுதுவது.

இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே நீங்களும் சுகமென்றே வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையில் சண்டை வந்துவிடுகிறது. கடிதமென்றால் போய்ச் சேர்வதற்குள் கோபம் பாதி ஆறிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி கல்யாணத்துக்கென்று மே மாதம் ஜெர்மனியிலிருந்து வந்தவள், திரும்பாமல் அப்பா வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். இப்போது விஷயம் அதுவல்ல. உங்கள் மகள் சாப்பாட்டுத் தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். முருங்கை, அரைக்கீரை எதை வைத்தாலும், "க்ரூன்கோல் வேணும்" என்று அழுகை. ஞாயிற்றுக்கிழமைகளில் உருளைக்கிழங்கோடு மசித்துக் கொடுப்பீர்களே, அந்தச் சுருட்டை இலைக் கீரை. கோயம்பேடு வரைக்கும் ஆள் விட்டுக் கேட்டாயிற்று. கடைக்காரன் முட்டைக்கோஸை எடுத்துக் காட்டுகிறானாம்.

"வெதைய அனுப்பச் சொல்லும்மா, நம்ம கொல்லையில வராததா" என்கிறார் அப்பா. விதையும், எப்போது போடுவது, எப்படி வளர்ப்பது என்ற விவரமும் அனுப்பவும். வேறொன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
காவ்யா அம்மா


பிரெமன்
19.9.2002

அன்புள்ள பரிமளாவுக்கு,

உன் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் பிரிக்கவே பயமாக இருந்தது. கீரை என்றதும்தான் மூச்சு வந்தது.

விதையை உள்ளே வைத்திருக்கிறேன். தயவுசெய்து அவசரப்படாதே. இது குளிர்காலத்துக் கீரை, சூடு ஆகாது. தீபாவளி கழியட்டும். தட்டில் நாற்று விட்டு, நாலு இலை வந்ததும் ஒரு முழம் தள்ளித் தள்ளி நடு. காலை வெயில் போதும், மத்தியான வெயிலுக்குப் பந்தல் வேண்டும். வேர் சூடாகாமல் மண்மேல் ஏதாவது பரப்பிவிடு. ஒன்று மட்டும் உன்னால் முடியாது. பனி பட்டால்தான் அந்த இலை இனிக்கும், இல்லாவிட்டால் கசப்பு தட்டும். ஆரணியில் பனிக்கு எங்கே போவது?

இந்த வீட்டு வாடகை ஒப்பந்தம் பிப்ரவரியோடு முடிகிறது. ஆகஸ்டில் காவ்யாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். புதுப்பிக்கவா, வேண்டாமா? நீதான் சொல்ல வேண்டும். நான் குடித்தேனா, அடித்தேனா, எதற்காக வர மாட்டேன் என்கிறாய் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. காரணத்தையாவது சொல்.

அன்புடன்,
ஹேமநாத்


ஆரணி
18.12.2002

காவ்யா அப்பாவுக்கு,

அவசரப்படாதே என்று எழுதினீர்கள். அதற்காகவே அன்றைக்கே விதைத்தேன். புரட்டாசி வெயிலில் முளைத்து, நூல் நூலாக நீண்டு, தலை சாய்ந்து போய்ச் சேர்ந்தன. உங்களுக்குச் சந்தோஷம்தானே?

மிச்ச விதையைத் தீபாவளி கழித்துப் போட்டேன். இந்தத் தடவை நீங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தேன், ஒப்புக்கொள்கிறேன். களம்பூர் மில்லிலிருந்து உமி வரவழைத்து வேரைச் சுற்றிப் பரப்பியிருக்கிறேன். அப்பாவின் வேட்டிதான் பந்தல். அவர் அதைத் தேடிக்கொண்டிருக்கிறார், நான் வாயைத் திறக்கவில்லை. இலைக்கு அடியில் பச்சைப் புழு ஒட்டிக்கொண்டிருக்கிறது. தினமும் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்துப் பொறுக்குவது உங்கள் மகளின் வேலை.

ஆரணியில் பனிக்கு எங்கே போவது என்று கேட்டீர்களே, நாலு வருஷத்தில் ஊரே மறந்துவிட்டதா? நீங்களும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைதானே? மார்கழியில் தெருவில் நீட்டுகிற பாவு நூல் ஈரமாகிவிடும் என்று தெருவே வெயிலுக்குக் காத்திருக்குமே! சாயங்காலமானால் பந்தலை அவிழ்த்துவிடுகிறேன். ராத்திரி முழுக்கப் பனி இலையை நனைக்கிறது. வெயில் ஏறும் முன்னால் திரும்பக் கட்டிவிடுகிறேன். இனிக்கிறதா இல்லையா பார்ப்போம்.

வீட்டு விஷயம் கேட்டிருந்தீர்கள். கீரை வரட்டும், சொல்கிறேன்.

காவ்யா அம்மா


பிரெமன்
4.1.2003

அன்புள்ள பரிமளாவுக்கு,

உன் கடிதத்தைப் பஸ்ஸில் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார். நான் சொன்னது இந்த ஊர்ப் பனி. ராத்திரியில் இலையெல்லாம் வெள்ளையாக உறைந்து நிற்குமே, அது. நம் ஊரில் இலையை நனைப்பதற்கும் பனி என்றுதான் பேர் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. நினைக்க நினைக்கச் சங்கடமாக இருக்கிறது. ஆனாலும் பந்தலை அவிழ்ப்பதை நிறுத்தாதே. ராத்திரிக் குளிர்ச்சி அதற்கு நல்லதுதான்.

பறிக்கும்போது அடி இலைகளை மட்டும் ஒடி. குருத்தைத் தொடாதே, மேலே மேலே விட்டுக்கொண்டிருக்கும்.

பரிமளா, இந்தக் கீரையே அந்த ஊரில் பிழைத்துக்கொண்டதே, நீ இந்த ஊரில் பிழைக்க மாட்டாயா? வேலையிலிருந்து வந்து விளக்கைப் போட்டால் வீடு என்னையே பார்க்கிறது. பிப்ரவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வந்துவிடு.

ஹேமநாத்


ஆரணி
2.2.2003

அன்புள்ள ஹேமநாத்துக்கு,

பேரை எழுதிவிட்டேன். அப்பா பார்த்தால் திட்டுவார். திட்டட்டும்.

கீரையையும் என்னையும் இன்னொரு தரம் சேர்த்து எழுதினீர்களென்றால் மொத்தத்தையும் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டுவிடுவேன். கீரைக்கு யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்கு வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை பறித்தேன். இலை அங்கே மாதிரி அகலமில்லை, கொஞ்சம் முரடு. முதலில் இனிப்பு, கடைசியில் லேசாகக் கசப்பு. உருளைக்கிழங்கு சேர்த்து மசித்து வைத்தேன். காவ்யா அழாமல் தின்றாள். பாதித் தட்டு வந்ததும் நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன்.

"இது அப்பாவோட பாதிம்மா. அப்பா வந்துகினு இருக்காரா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் இருவரும் ஒரே தட்டில் அல்லவா தின்பீர்கள்! குழந்தை கேட்டுக்கொண்டிருந்தது உங்களை. நான் முட்டாள் மாதிரி விதை கேட்டு எழுதியிருக்கிறேன். அந்தப் பாதியை எடுக்க மனசில்லாமல் அடுப்படியில் போய் நின்று அழுதேன்.

காரணம் கேட்டீர்கள். அந்தத் தட்டை வைத்துக்கொண்டு இருவரும் ஜெர்மனில் ஏதோ சொல்லிச் சிரிப்பீர்கள். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, சும்மா" என்பீர்கள். நாலு வருஷத்தில் எனக்குக் கிடைத்தது அந்த "சும்மா" மட்டும்தான். அடித்திருந்தால் ஊருக்குச் சொல்ல ஒரு காரணமாவது இருந்திருக்கும். உங்கள் மேல் இப்போது கோபமில்லை. ஆனால் வர மாட்டேன்.

அந்த வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம். சின்னதாக ஒன்று பாருங்கள், இரண்டு கட்டில் போடுகிற அளவு போதும். பள்ளிக்கூடம் இங்கேதான். மே மாத லீவு முழுக்க அவள் உங்களோடு இருக்கட்டும். கூட்டிப்போக நீங்களே வாருங்கள். அதற்குள் கீரை வெயிலில் கருகிப் போயிருக்கும். பரவாயில்லை, இருக்கிறதைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

அங்கே அவளோடு எந்த பாஷையில் வேண்டுமானாலும் சிரியுங்கள். எதற்குச் சிரித்தீர்கள் என்பதை மட்டும் ஒரு தரம் தமிழிலும் அவளுக்குச் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும் நான் கேட்பேன். அவள் சொல்லத் தெரியாமல் முழிக்கக் கூடாது.

பரிமளா